நகலும் வில்லங்கமும்: மேஜிக் ஆட்டத்தின் 707ஆம் விதி

மனைப் பத்திரத்துக்கு நகல் வாங்கினவங்களுக்கு இது பழக்கமான விஷயம். சார்பதிவாளர் ஆபீஸ்ல பணம் கட்டினா பத்திரத்தில் எழுதினது எழுத்துக்கு எழுத்து நகலாக வந்துவிடும். நான்கு எல்லை, சர்வே எண், சாட்சிகள் பெயர், எல்லாம் இருக்கும். ஆனால் அந்த மனையின் மேல் பிற்பாடு ஏறிய அடமானம் அதில் இருக்காது. அதுக்கு வில்லங்கச் சான்று தனியாகப் போடணும். பத்திர நகலை மட்டும் பார்த்து இடம் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் மட்டுமில்லை, எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

மேஜிக்: தி கேதரிங் என்ற அட்டை விளையாட்டின் விதிப்புத்தகத்தில் 707ஆம் பிரிவு முழுக்க இந்த ஒரு பிரச்சினையைப் பற்றியதுதான். ஒன்றை நகலெடுத்தால் எது கூட வரும், எது வராது? இந்தப் பிரிவை ஒரு பிரதியாக எடுத்து வாசித்ததில் தோன்றியதை இங்கே எழுதுகிறேன். நல்ல சட்ட வாசகம் எப்படி இருக்கணும் என்பதற்கு இதில் பாடம் இருக்கிறது. ஒரு இடத்தில் எனக்குப் பெரிய மனத்தாங்கலும் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1993 ஆகஸ்டில் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வெளியிட்ட ஆட்டம். இரண்டு மந்திரவாதிகள் மோதுவதாகக் கற்பனை. அட்டைகள் மந்திரங்கள். சில அட்டைகள் களத்தில் தங்கும் கிரியேச்சர்கள். 2/2 என்று போட்டிருந்தால் இரண்டு அடி அடிக்கும், இரண்டு அடி தாங்கும். 0/0 என்றால் களத்துக்கு வந்த உடனே சுடுகாடு. ஒவ்வொரு அட்டையும் தன் வேலையைத் தன்மேலேயே எழுதி வைத்திருக்கும். விதியும் அட்டையும் முரண்பட்டால் அட்டை சொல்வதே செல்லும் என்பது விதிப்புத்தகத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஆட்டத்தின் கவர்ச்சியே அதுதான். புத்தகம் படிக்காமல் அட்டையைப் படித்தே ஆடலாம் என்ற வாக்குறுதி.

நகல் அட்டைகள் இந்த வாக்குறுதியை முதல் நாளே மீறிவிட்டன. 295 அட்டைகள் கொண்ட முதல் பதிப்பிலேயே நான்கு நகல் அட்டைகள் இருந்தன: க்ளோன், வெசுவன் டாப்பல்கேங்கர், காப்பி ஆர்ட்டிஃபேக்ட், ஃபோர்க். க்ளோன் அட்டையை இறக்கினால் களத்தில் இருக்கும் ஏதாவது ஒரு கிரியேச்சராக அது மாறிவிடும். அட்டையில் க்ளோன் என்று அச்சிட்டிருக்கும். ஆனால் களத்தில் அதன் பெயர் க்ளோன் கிடையாது. என் அக்கா பையனும் அவன் நண்பனும் நானும் ஞாயிறுகளில் ஆடுவோம். (ஏ4 தாளில் அச்சடித்து வெட்டின அட்டைகள்தான். நகல் பற்றிய ஆட்டத்தை நகல் அட்டையில் ஆடுகிறோம். அதிகாரபூர்வப் போட்டியில் இது செல்லாது, வீட்டுத் திண்ணையில் செல்லும்.) முதல் முறை நான் க்ளோன் இறக்கி அவனுடைய டிராகனை நகலெடுத்தபோது அவன் கேட்டான்: "மாமா, உங்க அட்டைல க்ளோன், சைபர்-சைபர்னுதானே போட்டிருக்கு? அதத்தானே பாக்கணும்?"

கேள்வி நியாயமானது. அட்டையைப் படித்தால் போதும் என்று சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

1993-ன் க்ளோன் அட்டை தன்னால் முடிந்தவரை பதில் சொல்லப் பார்த்தது. மூலத்தின் எல்லாப் பண்புகளும் நிறம் உட்பட வரும், மூலத்தின் மேல் ஒட்டியிருக்கும் மந்திரங்கள் வராது, மூலம் செத்தாலும் நகல் நகலாகவே நிற்கும் என்ற அளவில் அதன் வாசகம் இருந்தது. பத்திரத்துக்கும் வில்லங்கத்துக்கும் உள்ள வித்தியாசம் அப்போதே ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் 'எல்லாப் பண்புகளும்' என்றால் என்ன? ஒரு 2/2 கரடிக்கு இந்த முறை மட்டும் +3/+3 கொடுக்கிற மந்திரம் போட்டிருக்கிறார்கள். இப்போது அது 5/5. நகல் 2/2-வா, 5/5-வா? மந்திரம் கரடியின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை, வந்து போய்விட்டது. அட்டை இதற்குப் பதில் சொல்லவில்லை. அடுத்த முப்பது வருட விதி வரலாறு என்பது 'பண்பு' என்ற அந்த ஒரு சொல்லுக்கு உரை எழுதிய வரலாறுதான்.

இன்றைய உரை இது. நகலாகும் மதிப்புகள் என்று ஒரு சிறு பட்டியல்: பெயர், விலை, நிறம், வகை, விதி வாசகம், வலு, தாங்குதிறன் போன்றவை. இவை அட்டையில் அச்சானபடி எடுத்துக்கொள்ளப்படும். அச்சை மாற்றும் உரிமை மூன்றுக்குத்தான் உண்டு: வேறொரு நகல் விளைவு, அட்டை கவிழ்த்து வைக்கப்பட்டிருப்பது, களத்துக்கு வரும்போதே வலுவையும் தாங்குதிறனையும் நிர்ணயிக்கும் சில வாசகங்கள். வேறு எதுவும் நகலாகாது. மேலே வைத்த கவுண்டர்கள், ஒட்டிய மந்திரங்கள், அட்டை சாய்ந்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்பது, பட்ட அடி, தற்காலிகமாகக் கிடைத்த பலம், எதுவும் வராது.

இதன் அழகு 613ஆம் விதியோடு சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். களத்தில் ஒரு பொருளுக்கு இப்போது என்ன பண்பு என்று கணக்குப் போட ஏழு அடுக்குகள் வைத்திருக்கிறார்கள். நகல் முதல் அடுக்கு. பிறகு வரிசையாகக் கட்டுப்பாடு, வாசக மாற்றம், வகை, நிறம், திறன், கடைசியில் வலு. 'நகலாகும் மதிப்பு' என்பதற்குத் தனி இலக்கணமே தேவையில்லை. முதல் அடுக்கு முடிந்தவுடன் கையில் என்ன இருக்கிறதோ அதுதான் நகலாகும் மதிப்பு. வார இறுதியில் நான் எழுதிக்கொண்டிருக்கும் ஆட்ட நிரலில் இது ஒரே ஒரு ஃபங்ஷன். அடுக்கு ஒன்று முடிந்ததும் ரிட்டர்ன். ஒரு சட்டவிதி இவ்வளவு சுத்தமாக நிரலாக மாறுவதை நான் அலுவலகத்தில் பார்த்ததில்லை. ஜிஎஸ்டி கணக்கை நிரலாக்கினவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

புகழேந்தியின் நளவெண்பாவில் சுயம்வர மண்டபத்தில் இந்திரன், அக்கினி, யமன், வருணன் நான்கு பேரும் நளன் உருவில் வந்து உட்காருவார்கள் இல்லையா. தமயந்தி எதை வைத்துக் கண்டுபிடிக்கிறாள்? முகத்தை வைத்தல்ல, முகம் முதல் அடுக்கு, அது ஐந்து பேருக்கும் ஒன்று. நளன் கண் இமைக்கிறது, கால் தரையில் படுகிறது, மாலை வாடியிருக்கிறது. தேவர்களிடம் இவை இல்லை. அதாவது உருவம் நகலாகிவிட்டது, மேலே ஏறிய வாழ்க்கை நகலாகவில்லை. 707ஆம் விதியை இதைவிடச் சுருக்கமாக விளக்க எனக்குத் தெரியவில்லை. அக்கா பையனுக்கும் இப்படித்தான் சொன்னேன். உடனே ஏற்றுக்கொண்டான்.

வாடாத மாலைக்கு ஆட்டத்தில் அசல் உதாரணமே இருக்கிறது. ட்ரிஸ்கெலியன் என்ற 1994-ன் அட்டை. அச்சில் 1/1. களத்துக்கு வரும்போது மூன்று +1/+1 கவுண்டர்களோடு வரும், ஒவ்வொன்றையும் எடுத்து எதிராளிக்கு ஒரு அடி கொடுக்கலாம். மூன்றையும் செலவழித்து மெலிந்துபோன ட்ரிஸ்கெலியனை க்ளோன் நகலெடுக்கிறது. கவுண்டர்கள் நகலாகாது என்பதால் க்ளோனும் வெறும் 1/1 என்று நினைப்போம். ஆனால் 'மூன்று கவுண்டர்களோடு வரும்' என்ற வாசகம் நகலாகிவிட்டது. க்ளோன் இப்போதுதான் களத்துக்குள் வருகிறது. எனவே அதற்குப் புத்தம் புதிதாக மூன்று. மூலம் வாடிவிட்டது, நகலின் மாலை வாடவில்லை. இதற்கு நேர் எதிர் வாக்கிங் பலிஸ்டா. ஆடுபவர் எவ்வளவு மந்திர சக்தி செலவழித்தாரோ அந்தக் கணக்குக்குக் கவுண்டர் வரும் 0/0 அது. பத்துக் கவுண்டரோடு மிரட்டிக்கொண்டு நிற்கும் பலிஸ்டாவை க்ளோன் நகலெடுத்தால், நகலுக்காக அந்தச் செலவை யாரும் செய்யவில்லை. கணக்கு பூஜ்யம், வந்தவுடன் சாவு. இரண்டிலும் விதி ஒன்றுதான். ஒன்றில் நகல் மூலத்தைவிட உசத்தி, ஒன்றில் நகல் பிறக்கும் முன்பே பிணம்.

நகலின் நகல் விஷயத்துக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஃபவுண்டரிக்காரர்களோடு பழகினவர்களுக்கு ஒன்று தெரியும்: வார்த்து எடுத்த காஸ்டிங்கையே பேட்டர்னாக வைத்து இன்னொன்று வார்க்கக் கூடாது. வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் 1 சதவீதம், எஃகு சுமார் 2 சதவீதம் சுருங்கும். அதற்காகத்தான் பேட்டர்னைக் கொஞ்சம் பெரிதாகச் செய்கிறார்கள். காஸ்டிங்கைப் பேட்டர்ன் ஆக்கினால் சுருக்கம் இரண்டு தடவை ஏறி அளவு கெட்டுவிடும். மேஜிக்கில் அந்தச் சுருக்கம் இல்லை. நகலின் நகலும் முழு அளவுதான். ஆனால் நகலெடுக்கும்போது சேர்ந்த பிசிறும் அப்படியே வரும். இங்கேதான் வெசுவன் டாப்பல்கேங்கர் சுவாரசியம்.

டாப்பல்கேங்கர் எதையும் நகலெடுக்கும், நிறத்தைத் தவிர. அது நீல அட்டை. பச்சைக் கரடியை நகலெடுத்தால் நீலக் கரடி ஆகும். ஒவ்வொரு முறையும் ஆரம்பத்தில் வேறொன்றாக மாறிக்கொள்ளும் தன் திறனையும் வைத்துக்கொள்ளும். இப்போது ஒரு க்ளோன் வந்து இந்த நீலக் கரடியை நகலெடுக்கிறது. க்ளோன் அட்டையில் நிறத்துக்கு விலக்கு எதுவும் இல்லை. விடை: க்ளோனும் நீலக் கரடி, மாறும் திறனோடு. நகல் விளைவுக்குள்ளேயே எழுதப்பட்ட 'தவிர' என்ற விலக்கு முதல் அடுக்கிலேயே நடந்து முடிந்துவிட்டது, அதனால் அது பரம்பரைச் சொத்து.

பக்கத்திலேயே இன்னொரு நீலக் கரடி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது அசல் பச்சைக் கரடிதான். தாட்லேஸ் என்ற (இதுவும் 1993) மந்திரத்தால் நிரந்தரமாக நீலமாக்கப்பட்டது. இதை க்ளோன் நகலெடுத்தால் பச்சைக் கரடி வரும். தாட்லேஸின் நீலம் ஐந்தாம் அடுக்கு, நகல் அவ்வளவு தூரம் பார்ப்பதில்லை. வெயிலில் கறுத்த அப்பனுக்குப் பிள்ளை கறுப்பாகப் பிறக்கணும் என்று கட்டாயமில்லை, அந்த மாதிரி.

தர்க்கம் சரி. ஆனால் மேஜையில் உட்கார்ந்திருப்பவனுக்கு இரண்டும் நீலக் கரடி. எதிலிருந்து எது பிறக்கும் என்று சொல்ல, அந்த நீலம் எப்படி வந்தது என்ற கதை தெரிந்திருக்கணும். அந்தக் கதை அட்டையிலும் இல்லை, களத்திலும் இல்லை, ஆடுபவர்களின் நினைவில் இருக்கிறது. வில்லங்கச் சான்று போட ஆபீஸ் இல்லாத ஊர் அது.

ஒரு விதி நல்லதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை எளிமையானது. பொன்னேரியில் ஏறி கும்மிடிப்பூண்டியில் இறங்கும் இரண்டு பேர், நடுவில் கவரைப்பேட்டை தாண்டுவதற்குள், போனை எடுக்காமல், முன்னால் இருக்கும் அட்டைகளையும் ஒரே ஒரு பொது விதியையும் வைத்துத் தகராறைத் தீர்த்துக்கொள்ள முடியுமா? பெரிய நகரங்களின் போட்டிகளில் பயிற்சி பெற்ற ஜட்ஜ் நிற்பார், கையைத் தூக்கினால் வந்து தீர்ப்பு சொல்வார். எங்களுக்கு ஜட்ஜ் கிடையாது. 250 பக்கத்துக்கு மேல் போகும் ஆங்கில விதிப்புத்தகத்தை பன்னிரண்டாம் வகுப்புப் பையன் படித்துக்கொண்டிருக்க மாட்டான். அவனுக்கு விதி தன் தலைக்குள்ளேயே விளையணும். 'அச்சில் இருப்பது வரும், மேலே ஏறியது வராது' என்ற ஒரு வரி இந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறிவிடுகிறது. நீலக் கரடிக்குக்கூட, 'நகலெடுக்கும்போது செய்த மாற்றம் அச்சுக்குச் சமம்' என்று இன்னொரு வரி சேர்த்தால் தீர்ந்தது.

கவிழ்த்த அட்டையும் அப்படியே தேறும். 2002-ல் வந்த மார்ஃப் கிரியேச்சர்களைக் கவிழ்த்து இறக்கலாம். கவிழ்ந்திருக்கும்வரை அது பெயர் இல்லாத, நிறம் இல்லாத 2/2. உள்ளே க்ரின்னிங் டீமன் மாதிரி ஒரு பிசாசு ஒளிந்திருக்கும், பிறகு விலை கொடுத்து நிமிர்த்தலாம். இதை க்ளோன் நகலெடுத்தால்? க்ளோன் பெயரில்லாத 2/2 ஆகும், ஆனால் நிமிர்ந்தே இருக்கும். நிமிர்த்த வேண்டியது எதுவும் இல்லை. முகமூடிக்காரனை நகலெடுத்தால் முகமூடி வரும், உள்ளே ஆள் வர மாட்டான். விதிப்புத்தகமே இதை உதாரணமாகத் தருகிறது. இதைப் படித்தபோது விதி எழுதியவர்களில் யாரோ ஒருவருக்குள் ஒரு கதைசொல்லி இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்சம் திணறுவது மிரர்வீவ். 2008-ன் அட்டை. இந்த முறை முடியும்வரை களத்தில் இருக்கும் மற்ற எல்லாக் கிரியேச்சர்களும் ஒன்றின் நகலாக மாறும். முறை முடிந்தால் கலைந்துவிடும். அந்த இடைவெளியில் ஒரு க்ளோன் வந்து, டிராகனாக மாறி நிற்கும் ஒரு சுண்டெலியை நகலெடுத்தால், க்ளோன் டிராகன். முறை முடிகிறது. சுண்டெலி சுண்டெலியாகிவிடும். க்ளோன் டிராகனாகவே இருக்கும், எப்போதும். தற்காலிக பலம் நகலாகாது, ஆனால் தற்காலிக நகல் நகலாகும், நகலான பிறகு தற்காலிகமாகவும் இருக்காது. முதலில் எரிச்சலாக இருந்தது. ஆனால் மாற்று விதியை எழுதிப் பார்த்தால் இதைவிட மோசம்: ஒவ்வொரு நகலுக்கும் காலாவதித் தேதி பார்த்து, காலாவதி ஆகக்கூடியதைத் தோண்டி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கணும். எடுத்த நொடியில் என்ன இருந்ததோ அதுதான் நகல் என்ற எளிமை போய்விடும். இருக்கட்டும், விட்டுவிடலாம்.

மந்திரங்களை நகலெடுப்பது வேறு ஜாதி, அதை நீட்டவில்லை. ஒன்று மட்டும். களத்தில் இருக்கும் கிரியேச்சரை நகலெடுத்தால் எடுத்த முடிவுகள் வராது. ஆனால் நடந்துகொண்டிருக்கும் மந்திரத்தை நகலெடுத்தால் எடுத்த முடிவுகள் எல்லாம் வரும்: யாரைக் குறி வைத்தது, எவ்வளவு செலவழித்தது, என்ன பலி கொடுத்தது. ஃப்ளிங் என்றொரு மந்திரம், உங்கள் கிரியேச்சர் ஒன்றைப் பலி கொடுத்து அதன் வலு அளவுக்கு அடிக்கும். அதை நகலெடுத்தால் இரண்டாவது பலி தேவையில்லை, முதல் பலியின் கணக்கிலேயே நகலும் அடிக்கும். இது எனக்கு நியாயமாகப் படுகிறது. குறியும் செலவும் இல்லாத மந்திரம் பாதி வாக்கியம், அதை நகலெடுத்து என்ன செய்வது.

விமர்சகனாக எனக்கு மிகவும் பிடித்த பகுதி 707-க்கு வெளியே இருக்கிறது. ஆட்டத்தில் 'லெஜண்ட்' என்ற வகை உண்டு. கதைப்படி உலகில் ஒருவரே இருக்கக்கூடிய நாயகர்கள். 1994-ல் இந்த வகை வந்தபோது விதி: ஒரே பெயரில் இரண்டாவது வந்தால் இரண்டாவது சாகும். ஆகவே லெஜண்டை நகலெடுத்த க்ளோன் தற்கொலை செய்துகொண்டது. 2004-ல் விதியை மாற்றினார்கள்: இரண்டும் சாகும். அதே க்ளோன் இப்போது தற்கொலைப்படை. யாராலும் தொட முடியாத நாயகனைக் கொல்ல அவன் உருவத்தையே எடுத்து அனுப்பினால் போதும். ஒன்பது வருடம் இப்படி ஆடினார்கள். 2013 ஜூலையில் மறுபடி மாற்றம்: ஒருவரிடம் ஒரே பெயரில் இரண்டு இருந்தால்தான் பிரச்சினை, அப்போதும் எதை வைத்துக்கொள்வது என்று அவரே முடிவு செய்யலாம். இப்போது எதிராளியின் நாயகனும் என்னுடைய நகல் நாயகனும் நேருக்கு நேர் நிற்கலாம். க்ளோன் அட்டையின் வேலை இந்த இருபது வருடத்தில் மாறவே இல்லை. எங்கோ தள்ளியிருந்த ஒரு விதியை மாற்றியதில் அதன் தலையெழுத்து இரண்டு தடவை மாறியிருக்கிறது. அட்டையைப் படித்தால் போதும் என்ற வாக்குறுதி எவ்வளவு தூரம் உண்மை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இனி என் மனத்தாங்கல். வாய்ஸ் ஆஃப் ஆல் என்று ஒரு தேவதை அட்டை. பறக்கும் 2/2. களத்துக்கு வரும்போது ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுக்கணும், அந்த நிறத்திலிருந்து அதற்குப் பாதுகாப்பு. நான் கறுப்பு என்று சொல்லி இறக்கியிருக்கிறேன். க்ளோன் இதை நகலெடுத்து வந்தால், க்ளோனின் சொந்தக்காரர் தனக்கு ஒரு நிறம் சொல்லிக்கொள்ளலாம். என் தேர்வு நகலாகாது. சரி. ஆனால் ஏற்கெனவே களத்தில் நிற்கும் ஒன்று, மிரர்வீவ் மாதிரி ஒரு மந்திரத்தால், இந்தத் தேவதையின் நகலாக மாறினால்? அது 'களத்துக்கு வரவில்லை', அதனால் நிறம் கேட்கப்படாது. என் தேர்வும் நகலாகாது. விளைவு, 'தேர்ந்தெடுத்த நிறத்திலிருந்து பாதுகாப்பு' என்று எழுதியிருக்கும், நிறம் எதுவும் இருக்காது. பாதுகாப்பும் இல்லை. நிரல் எழுதுபவர்கள் நல் பாயிண்டர் என்பார்கள். நம்ம ஊரில், முகவரி போடாத கடிதம்.

இதையும் 'தேர்வு என்பது வாழ்க்கை, அச்சு அல்ல' என்று ஏற்றுக்கொண்டிருப்பேன். ஆனால் பிரைமல் க்ளே இருக்கிறதே. 1994-ன் களிமண் பொம்மை. களத்துக்கு வரும்போது அதுவும் ஒரு தேர்வு கேட்கும்: 3/3-ஆ, பறக்கும் 2/2-ஆ, அசையாத 1/6 சுவரா? களத்தில் நிற்கும் ஒன்று இதன் நகலாக மாறினால், மூலம் எடுத்த வடிவம் நகலாகிவிடும். நான் சுவர் என்று தேர்ந்திருந்தால் அதுவும் சுவர். அதே மாதிரி தேர்வு, அதே தருணத்தில் எடுத்தது. தேவதையின் தேர்வு வராது, களிமண்ணின் தேர்வு வரும். வலுவையும் தாங்குதிறனையும் நிர்ணயிக்கும் வாசகம் மட்டும் முதல் அடுக்கில் சேரும் என்று விதி தனியாக ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஏன் என்று விதி சொல்லவில்லை.

எனக்குத் தோன்றும் காரணம் இது. பிரைமல் க்ளே அட்டையின் மூலையில் எண் கிடையாது, நட்சத்திரக் குறிதான். தேர்வு நகலாகாவிட்டால் நகல் 0/0 ஆகி அந்த நொடியே சாகும். கண்ணெதிரே கிரியேச்சர் செத்து விழுந்தால் ஆடுபவர்கள் சண்டைக்கு வருவார்கள், கடிதம் எழுதுவார்கள். ஆகவே சரி செய்தார்கள். நிறமில்லாத தேவதை சாகாது. பாதுகாப்பில்லாமல் சும்மா நின்றுகொண்டிருக்கும். சத்தமே வராது. ஆகவே யாரும் தொடவில்லை. இருபது வருடம் மென்பொருள் எழுதின எனக்கு இது ரொம்பப் பழகின முகம். கிராஷ் ஆகும் பிழைக்கு அன்று இரவே திருத்தம் வரும். தப்பான விடையை அமைதியாகக் கொடுக்கும் பிழை டிக்கெட் வரிசையில் மூன்றாம் பக்கத்தில் கிடக்கும். ஆலைப் பக்கம் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள், நின்றுபோன மிஷினுக்கு ஆள் ஓடி வரும், அளவு அரை மில்லிமீட்டர் தப்பாக ஓடிக்கொண்டிருக்கும் மிஷினை யாரும் பார்ப்பதில்லை.

முதல் அடுக்கில் ஒரு கதவைத் திறந்தால் வேறு சாமான்களும் வந்து சேரும் என்பதையும் பார்த்தாகிவிட்டது. 2020-ல் இக்கோரியா பதிப்பில் மியூட்டேட் என்ற திறன் வந்தது. ஒரு கிரியேச்சரின் மேல் இன்னொன்றை வைத்து இரண்டையும் ஒரே உயிராக்குவது, மூன்று நான்கு அட்டைகள்கூட அடுக்கலாம். அதையும் முதல் அடுக்கில் வைத்தார்கள். இப்போது நான்கு அட்டைக் குவியலை ஒற்றை க்ளோன் அட்டை முழுசாக நகலெடுக்கும். அச்சில் இருப்பது வரும், மேலே ஏறியது வராது என்று ரயிலில் சொல்லிக்கொடுத்த வரி இங்கே வேலை செய்யாது. மேலே ஏறியதுதான் வருகிறது, அட்டையாகவே ஏறியதால். நான் எழுதியிருந்தால் மியூட்டேட்டுக்குத் தனி அடுக்கு கொடுத்திருப்பேன்.

தேவதைக்கு என்ன செய்யலாம்? களத்துக்கு வராமல் நகலாக மாறும் பொருளுக்கு, மூலத்தின் பிறப்புத் தேர்வுகளும் சேர்ந்து வரும் என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன். பிரைமல் க்ளேவின் தனிக்கதவை மூடிவிடலாம், இரண்டுக்கும் ஒரே விதி. நிரலில் அதை ஒரு சுவிட்சாக வைத்து ஓட்டினேன். வாய்ஸ் ஆஃப் ஆல் ஒழுங்காக நடந்தது. ஆனால் 'ஒரு எதிராளியைத் தேர்ந்தெடு' என்று கேட்கும் அட்டைகள் சில இருக்கின்றன. நான் அக்கா பையனைத் தேர்ந்தெடுத்து இறக்கின அட்டையை அவனுடைய கிரியேச்சர் நகலெடுத்தால், அவனுக்கு எதிராளி அவனே. மூன்று பேர் ஆட்டத்தில் அந்த நிலைமை இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. சுவிட்சுக்கு ஒரு விலக்கு எழுதினேன்: ஆளைக் குறிக்கும் தேர்வுகள் தவிர. எழுதி முடித்து அதைப் படித்துப் பார்த்தபோது 707-ல் இருக்கும் மற்ற 'தவிர'க்கள் எப்படி வந்திருக்கும் என்று விளங்கியது. இப்போது அந்தச் சுவிட்ச் ஆஃப்பில்தான் இருக்கிறது. ஞாயிறு ஆட்டத்தில் மட்டும், அக்கா பையன் கேட்டால், தேவதைக்கு நிறம் கொடுக்கிறோம்.